வாளி சித்தியும் அறுநூறு ரோஜாவும்

வாளி சித்தியோடு பிறந்தவர்கள் இரண்டு பேர். மூத்தவர் அண்ணன், அடுத்து அக்கா, கடைசியில் இவள். அண்ணன் கட்டியது ஒரு டீச்சரை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் தலைமை டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், அதனால் பார்க்கிறவர்களெல்லாம் பெரிய டீச்சர் என்பார்கள். சித்திக்கு மட்டும் அவள் அண்ணி. அக்காவுக்கு ஒரே மகள். பிறந்ததிலிருந்தே கால் வராத பெண், சக்கர நாற்காலிதான். ஆனால் வாய் மட்டும் இரண்டு ஆள் வாய். அந்தப் பெண் 'சித்தி, சித்தி' என்று வீதி முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டுக் கூப்பிட்டு, எல்லாருக்குமே இவள் சித்தியாகிப் போனாள். இவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூடக் கூச்சமில்லாமல் சித்தி என்றார்கள்.

சித்திக்கு முன்னால் அந்த 'வாளி' ஒட்டிக்கொண்டது பூக்கடையில்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, வீட்டு வேலையில் சில வருஷம் கழித்து, பதினேழு வயதில் சித்தி அந்தக் கடையில் சேர்ந்தாள். காம்போடு வெட்டிய ரோஜாவைப் பெட்டி பெட்டியாக இறக்கிக் கொத்துக் கட்டி விற்கிற கடை. முதலாளி அவளுக்குக் கொடுத்த முதல் வேலை வாளி கழுவுவது. கழுவி முடித்ததும் அந்த ஆள் வாளியில் நல்ல தண்ணீர் பிடித்து, ஒரு டம்ளரில் மொண்டு நீட்டி, "குடி" என்பார். முகம் சுளித்தால் போச்சு, மறுபடி பிரஷ்ஷை எடுக்க வேண்டியதுதான். நீ குடிக்காத தண்ணீரை ரோஜா மட்டும் குடிக்குமா என்பது அவர் கணக்கு. மூன்று மாதம் அவள் வாளியைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. பிறகு இலை கிள்ளினாள், முள் தட்டினாள், தண்ணீருக்குள் காம்பை வைத்துச் சாய்வாக வெட்டினாள். முப்பத்தோரு வருஷம் அப்படிப் போயிற்று. மொட்டைப் பார்த்தே இது நாளைக்கு விரியும், இது விரியாமலே உதிரும் என்று சொல்லிவிடுவாள்.

முதலாளியிடம் ஒரு குறை இருந்தது. எதையும் ஏன் என்று சொல்ல மாட்டார். சொன்னதைச் செய், அவ்வளவுதான். சித்தி அவரிடம் தொழிலோடு சேர்த்து அந்தக் குணத்தையும் கற்றுக்கொண்டு வந்துவிட்டாள். அது அவளுக்கே தெரியாது.

இனி அந்த ரோஜா விற்பனைக்கு வருவோம்.

கால், கை சரியாக வராதவர்களுக்கு ஒரு மையம் இருந்தது. பயிற்சி அறை, சமையலறை, பின்பக்கம் ஒரு தையல் கூடம். அக்கா மகளுக்கு அந்தத் தையல் கூடத்தில் வேலை. சட்டைக்குக் காஜா எடுக்கும் மெஷின். மற்ற மெஷினெல்லாம் காலால் மிதிப்பது. இந்த ஒன்றை மட்டும் யாரோ ஒரு நல்ல மனிதர் கையால் அழுத்தினால் ஓடும்படி மாற்றிக் கொடுத்திருந்தார். ஒரு நாளைக்கு இருநூறு காஜா எடுப்பாள். "என் காஜா வழியா ஒரு யானை நுழையாது, ஆனா பொத்தான் வழுக்கிக்கிட்டு நுழையும்" என்பாள்.

அவளைக் கொண்டுபோய் விட்டது மையத்து வேன். நாற்காலியோடு ஆளைத் தூக்கி ஏற்றும் இரும்புத் தட்டு அதன் பின்பக்கம் இருந்தது. ஒரு நாள் அந்தத் தட்டு பாதியில் நின்றது, நின்றது நின்றதுதான். இரண்டு மாதமாகப் பெண் வீட்டில். அக்காவுக்கு இடுப்பு வலி, தூக்கி ஏற்ற ஆள் கிடையாது. இதற்கு நடுவில் தையல் கூடத்துக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. நாலாயிரம் சீருடைச் சட்டை, அடுத்த மாதம் ஒன்றாம் தேதி ஆரம்பம். அன்றைக்கு வராவிட்டால் காஜா மெஷினில் வேறு ஆளை உட்கார வைப்போம் என்று கூடத்து மேற்பார்வைக்காரர் சொல்லிவிட்டார்.

ஆகவே மையத்துக் கமிட்டி கூடிப் பேசி, ரோஜா விற்று வேன் தட்டைச் சரிசெய்வது என்று முடிவு செய்தது. கமிட்டிச் செயலாளர் வேறு யார், பெரிய டீச்சர்தான். அறுநூறு ரோஜாவும் விற்றால் தட்டு சரியாகும். மெக்கானிக் கறாரான ஆள், பணம் முழுசாக வந்தால்தான் ஸ்பானரை எடுப்பேன் என்றார்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் ரோஜாப் பெட்டிகள் மையத்துக்கு வந்தன. பூவைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு சித்திக்கு. சித்தி விடிகாலையிலிருந்தே இருபது வாளி தேய்த்து வைத்திருந்தாள். கமிட்டிப் பெண்கள் நாலு பேர் உதவிக்கு வந்தார்கள். உதவி என்றால் எப்படி? ஒருத்தி வெளி இதழ் பழுப்பாக இருக்கிறது என்று கிள்ளிப் போட ஆரம்பித்தாள். உள்ளே இருப்பதைக் காப்பாற்றுகிற இதழ் அது, விற்கிறபோதுதான் எடுக்க வேண்டும். சித்தி அவள் கையிலிருந்து பூவைப் பிடுங்கினாள். இன்னொருத்தி ஒரு வாளியைக் கொண்டுபோய் மாம்பழக் கூடை பக்கத்தில் வைத்தாள். பழத்துக்குப் பக்கத்தில் ரோஜா நிற்காது, சீக்கிரம் கிழடு தட்டிவிடும். சித்தி வாளியை இழுத்து நகர்த்தினாள். இரண்டு தடவையும் வாயைத் திறக்கவில்லை. "கோவக்காரி" என்று அவர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

மூன்று மணிக்குள் அறுநூறும் வெட்டுப்பட்டு, வாளியில் நின்று, தலை நிமிர்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. சித்திக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் அந்த ஒரு மணி நேரம்தான்.

நாலு மணிக்கு அண்ணி வந்தாள். கையில் சிவப்பு ரிப்பன், கண்ணாடித்தாள் சுருள், ஒரு அட்டைப் பெட்டி நிறைய சீட்டு. அறுநூறு சீட்டிலும் 'இந்தப் பூ ஒருவரை வேலைக்கு ஏற்றிச் செல்லும்' என்று முத்து முத்தாக அவள் கையாலேயே எழுதியிருந்தாள். பத்து நாள் எழுதியிருக்கிறாள். அதைச் சொல்ல வேண்டும், உழைப்புக்கு அஞ்சுகிறவள் இல்லை.

"எல்லாத்தையும் இப்பவே கட்டிடலாம்" என்றாள் அண்ணி.

"இப்ப வேண்டாம். காலையில கட்டலாம்."

"காலையில அறுநூறு பூவ யாரு கட்டறது? எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கணும். எதிர்ல இருக்கற ஆபீஸெல்லாம் நாளைக்கு அரை நாள். காலையில உள்ள போறவங்கதான் வாங்குவாங்க, தெரியுமில்ல?"

"சரி, கட்டிட்டுத் தண்ணியில வைங்க."

"தண்ணியில வச்சா சீட்டு நனையும். மை ஓடிடும்."

"சீட்டு பெருசா, பூ பெருசா அண்ணி?"

"பூ எந்தக் கடையிலயும் கிடைக்கும். எதுக்காக வாங்கறோம்னு சீட்டுதான் சொல்லும். ஒரு ராத்திரி தண்ணியில்லாம இருந்தா என்ன ஆயிடும்? காலையில நாலு சொட்டு தெளிச்சா போச்சு."

"வேண்டாம்னா வேண்டாம்."

"ஏன் வேண்டாம்னு சொல்லு. காரணம் இருந்தா கேட்டுக்கறேன்."

இந்த இடத்தில்தான் சித்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். தண்ணீரை விட்டு வெளியே நின்றால் வெட்டின வாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும், காம்புக்குள் காற்று ஏறிவிடும், அப்புறம் எத்தனை தண்ணீர் விட்டாலும் மேலே ஏறாது, கழுத்து துவண்டுவிடும். இவ்வளவுதான் விஷயம். அண்ணி படித்தவள், ஒரு நிமிஷத்தில் பிடித்துக்கொண்டிருப்பாள். ஆனால் சித்திக்குக் காதில் விழுந்தது வேறு. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னது போலிருந்தது.

"முப்பத்தோரு வருஷம் நான் என்ன, புல்லா புடுங்கிட்டிருந்தேன்?" என்று கேட்டாள்.

"நான் அப்படிச் சொன்னேனா?"

"வாளி கழுவத்தானே நான். கழுவியாச்சு. வரேன்."

பையை எடுத்துக்கொண்டு ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டாள். வாசல் வரைக்கும் மெதுவாகத்தான் நடந்தாள், யாராவது கூப்பிடுவார்கள் என்று. யாரும் கூப்பிடவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தபோது, அண்ணியின் மூக்கு ஒரு தடவையாவது உடையட்டும் என்று நினைத்தாள். காஜா மெஷின் அப்போது அவள் நினைவில் இல்லை. வீட்டுக்கு வந்து கையைக் கழுவும்போதுதான் வந்தது. அப்போதும், நான் போனதும் எப்படியும் தண்ணீரில் வைத்திருப்பார்கள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு சோற்றைத் தின்றாள். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். போடவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மையத்துக் கேட்டைத் தள்ளியபோது காவல்காரர் சொன்னார்:

"சித்தி, உங்க பூவெல்லாம் இன்னும் தூங்குது."

உள்ளே போய்ப் பார்த்தாள். இருபது வாளியும் பளபளவென்று காய்ந்திருந்தன. அவற்றுக்குள் அறுநூறு ரோஜா, கண்ணாடித்தாள் சுற்றி, அடிக்காம்பில் ரிப்பன் கட்டி, ஒரு சீட்டில்கூட ஒரு சொட்டு ஈரம் படாமல். ஒவ்வொன்றும் கழுத்தை மடக்கித் தொங்கப்போட்டிருந்தது, பரீட்சையில் தோற்ற பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்த மாதிரி.

சித்தி பையைக் கீழே வைத்தாள். முதலில் வந்தது அழுகை, அதை முழுங்கினாள். அடுத்து வந்தது கோபம். அதை முழுங்கத் தெரியவில்லை. ஆறரைக்கு அண்ணி நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தபோது சித்தி தரையில் உட்கார்ந்து ரிப்பனை அறுத்து அறுத்து எறிந்துகொண்டிருந்தாள்.

அண்ணி வாளிகளைப் பார்த்தாள்.

"தெளிச்சா சரியாயிடுமா?" என்றாள்.

"இல்ல."

"என்ன செய்யணும்?"

"பெரிய தொட்டி வேணும். வெதுவெதுன்னு தண்ணி வேணும். பழைய பேப்பர் வேணும், நிறைய."

அண்ணி போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். அண்ணன் இருபது வருஷமாகச் செய்தித்தாளை எறியாமல் கட்டிக் கட்டிப் பரண்மேல் போட்டு வைக்கிறவர். குறுக்கெழுத்தை ஒரு நாள் சாவகாசமாக உட்கார்ந்து போட வேண்டும் என்பது அவர் ஆசை. "எந்த வருஷத்துது வேணும்?" என்று அவர் கேட்டது போனுக்கு வெளியே சித்திக்கே கேட்டது. அண்ணி பதில் சொல்லாமல் போனை வைத்தாள்.

பயிற்சி அறையில் காலை நனைத்து அசைக்கிறதற்கென்று ஒரு நீளத் தொட்டி இருந்தது. அதில் வெந்நீர் கலந்து நிரப்பினார்கள். தாளைப் பிரி, காம்பைத் தண்ணீருக்குள் வைத்து ஒரு விரல் அளவு வெட்டு, பத்துப் பத்தாகச் சேர்த்துக் கழுத்து நிமிர்ந்து நிற்கிற மாதிரி பேப்பரில் இறுக்கிச் சுருட்டு, தொட்டியில் படுக்க வை. ஏழு மணிக்கு அண்ணன் வந்தார், பக்கத்து வீட்டுக் காரை இரவல் வாங்கிக்கொண்டு. பின் சீட்டில் அக்கா மகள், மடியில் பேப்பர்க் கட்டு. காரின் டிக்கியில் நாற்காலி. அவளைத் தூக்கி இறக்க அண்ணனும் காவல்காரரும் சேர்ந்து படாத பாடு பட்டார்கள். இறக்கினதும் அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். தினமும் இப்படித் தூக்கி இறக்க முடியாது என்பதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பயிற்சி கொடுக்கிறவர் எட்டு மணிக்கு வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"இவங்களுக்கெல்லாம் எத்தன நாள் பயிற்சி?" என்றார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. மனிதர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு தானும் சுருட்ட உட்கார்ந்தார்.

அக்கா மகள் மேஜையில் நாற்காலியை இடித்து நிறுத்தி, ஒவ்வொன்றாக ரிப்பனைக் கழற்றிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒன்றைத் தூக்கிப் பிடித்தாள்.

"அத்தை, இந்த ரிப்பனை ஏன் அடிக்காம்புல கட்டினீங்க?"

"பின்ன எங்க கட்டறது?"

"பூவுக்குக் கீழ, கழுத்துல. சீட்டு மேல தொங்கும். காம்பு பாட்டுக்குத் தண்ணியில நிக்கும். சீட்டும் நனையாது, பூவும் வாடாது."

சித்தியின் கையிலிருந்த கத்தரிக்கோல் அப்படியே நின்றது.

"நேத்து சாயங்காலம் இது ஒருத்தருக்குக்கூடவா தோணல?" என்றாள் பெண்.

"நேத்து சாயங்காலம் அவங்களுக்கு வேற வேலை இருந்துச்சும்மா" என்றார் அண்ணன், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். சுருட்டச் சொன்ன பேப்பரை வாசித்துக்கொண்டிருந்தார்.

எட்டு மணி போயிற்று, ஒன்பது போயிற்று. ஆபீஸுக்குள் போக வேண்டியவர்களெல்லாம் கை வீசிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். ரோஜாவை அவசரப்படுத்த முடியாது. பத்தரைக்குப் பிரித்துப் பார்த்தபோது முந்நூற்றைம்பது நிமிர்ந்திருந்தது. மற்றதெல்லாம் இன்னும் துவண்டுதான் கிடந்தது. நிமிர்ந்ததை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடினார்கள். அண்ணி பேசினால் யாரும் தாண்டிப் போக முடியாது, அந்தத் திறமையை மறுக்க முடியாது. ஆள் வருவதுதான் குறைந்துவிட்டது. பன்னிரண்டுக்கு ஆபீஸ் விட்டவர்கள் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் நின்று கேட்கவில்லை. வெயிலுக்கு ஒதுங்கி ஒதுங்கி, இரண்டு மணி வரை நின்று, அந்த முந்நூற்றைம்பதை எப்படியோ தள்ளினார்கள்.

அப்புறம் அண்ணி மையத்துக்குத் திரும்பி வந்து, ஒரு வாளியைக் கையில் எடுத்து, துவண்டு கிடந்ததையும் அதில் அடுக்கச் சொன்னாள்.

"இதை விக்க முடியாது" என்றாள் சித்தி.

"நல்ல காரியத்துக்குத் தரோம். பூ எப்படி இருக்குன்னு யாரு பாக்கப் போறா? இவள முன்னால உக்கார வச்சா இல்லேன்னு சொல்லாம வாங்கிட்டுப் போவாங்க."

"நல்ல காரியம்னா குப்பையக் குடுக்கலாமா அண்ணி?"

"உனக்கு இந்தப் பொண்ணு வேலைக்குப் போகணுமா வேண்டாமா? அதச் சொல்லு."

விற்றால் மெஷின், விற்காவிட்டால் இல்லை. அவள் முப்பத்தோரு வருஷத்தில் ஒரு துவண்ட பூவை யார் கையிலும் கொடுத்ததில்லை. ஆனால் இன்றைக்கு அந்தப் பெருமைக்கு யார் விலை கொடுப்பது? வாளியின் கைப்பிடியைப் பிடித்தாள், விட்டாள்.

பதில் சொன்னது அக்கா மகள்தான்.

"அத்தை, எனக்குக் காலுதான் வராது. தலை நல்லாத்தான் நிக்குது. இந்தத் தொங்கின பூவ என் பக்கத்துல வச்சு விக்கறதா இருந்தா, என்னை வீட்டுல கொண்டுபோய் விட்டுடுங்க."

அண்ணி அவளைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள். பெரிய டீச்சருக்கு வாதம் தோற்றுப்போனதை அந்தக் குடும்பத்தில் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

மிச்சத்தைச் சித்தி சாண் அளவுக்குக் குட்டையாக வெட்டி, சமையலறையிலிருந்த டீ கிளாஸெல்லாம் எடுத்து நிரப்பி வைத்தாள். காம்பு நீளம் குறைந்தால் தண்ணீர் தலைக்கு ஏறிவிடும். ஏறியது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தபோது, இருநூற்றுச் சொச்சம் ரோஜா கிளாஸ் கிளாஸாக, மேஜை மேஜையாக, அப்படி ஒரு விரிப்பு விரிந்து நின்றது. கடையில்கூட அவள் அந்த மாதிரி பார்த்ததில்லை. வாங்கத்தான் ஆள் இல்லை. ஆபீஸ் பூட்டு, மையத்துக்கும் லீவு. ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் ஒரு அறுபதை வாங்கினார்கள். திங்கட்கிழமை மிச்சம் உதிர்ந்து மேஜைமேல் கிடந்தது. அதையும் அவள்தான் கூட்டி அள்ளினாள்.

முழுசாக வராததால் மெக்கானிக் ஸ்பானரை எடுக்கவில்லை. கமிட்டி அங்கே இங்கே கேட்டு, மீதியைப் புரட்டி, தட்டு மேலே ஏறி இறங்கியபோது ஒன்றாம் தேதி போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. நடுவில் அண்ணி தையல் கூடத்துக்கு நாலு தடவை நடந்தாள். சித்திக்கு இது பிறகுதான் தெரிந்தது. மேற்பார்வைக்காரர் மரியாதையாக உட்கார வைத்து, டீ கொடுத்து, சீருடை காத்திருக்காது என்று அனுப்பிவிட்டார். காஜா மெஷினில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் கால் வராது. அவளை வைவதற்குக்கூட வழியில்லாமல் போயிற்று. அக்கா மகளுக்கு மூலையில் ஓர் இடம் கிடைத்தது. தைத்து வருகிற சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுகிற வேலை.

"எப்படி இருக்கு வேலை?" என்று சித்தி ஒரு நாள் கேட்டாள்.

"அடுத்தவ எடுத்த காஜாவுல பிசிறு வெட்டறேன். நல்லாவே எடுக்கறா, அதுதான் எரிச்சலா இருக்கு."

வெளியில் கேட்கிறவர்களிடமெல்லாம் சித்தி அண்ணியைத்தான் சொன்னாள். சீட்டு நனையக் கூடாதென்று பூவைக் கொன்ற கதையை நூறு தடவை சொல்லியிருப்பாள். சொல்லி முடித்து வீட்டுக்கு வந்தால், அந்த ஐந்து மணி பஸ்ஸும் ஜன்னலோர இருக்கையும் வந்து எதிரில் நிற்கும். ஏன் என்று சொல் என்றுதானே கேட்டாள் அண்ணி. அரை நிமிஷப் பேச்சு. அதை நினைத்தால் அடுத்தவரைக்கூடத் திட்ட முடிவதில்லை, தன் தலையில்தான் குட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்த வருஷமும் ரோஜா விற்பது என்று முடிவாயிற்று. இந்தத் தடவை கையால் ஓடுகிற இரண்டாவது காஜா மெஷின் வாங்க. அண்ணி ஒரு நோட்டும் பேனாவுமாகச் சித்தியின் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தாள்.

"ஒவ்வொண்ணா சொல்லு. ஏன்னும் சேர்த்துச் சொல்லு" என்றாள்.

சித்தி சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். காம்பு வாய், காற்று, பழக்கூடை, வெளி இதழ், எல்லாவற்றுக்கும் ஏன் சொன்னாள். நடுநடுவே "இதுகூடவா தெரியாது" என்று நாக்கு நுனி வரை வந்ததைத் திருப்பி அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து மையத்தில் வாளி அடுக்குகிற அறைக் கதவில் அது முத்து முத்தான எழுத்தில் ஒட்டியிருந்தது. அடியில் 'உத்தரவு: செயலாளர்' என்று கையெழுத்து. சித்தி அதை நின்று படித்தாள். மறுபடி படித்தாள். ஒரு தப்பும் இல்லை, அதனால் கிழிக்கவும் முடியவில்லை.

பூ வருகிற அன்றைக்குக் காலையில் அண்ணி முந்திக்கொண்டு வந்து, சேலையைச் செருகிக்கொண்டு இருபது வாளியையும் தானே தேய்த்து வைத்திருந்தாள். மூட்டு வலிக்காரி, நெற்றியெல்லாம் வேர்வை. வெளியே வேன் வந்து நின்றது. இரும்புத் தட்டு முனகிக்கொண்டே இறங்கி, அக்கா மகளைத் தரையில் விட்டது. அவள் மடியில் ரிப்பன் சுருள், கழுத்தில் கட்டுவதற்கு.

"பாரு, சரியா இருக்கா?" என்றாள் அண்ணி, வாளிகளைக் காட்டி.

சித்தி முதல் வாளியில் நல்ல தண்ணீர் பிடித்தாள், ஒரு டம்ளரில் மொண்டாள், நீட்டினாள்.

"குடிங்க அண்ணி."

அண்ணி டம்ளரைப் பார்த்தாள், வாளியின் உள்பக்கத்தைக் குனிந்து பார்த்தாள், சித்தியின் முகத்தைப் பார்த்தாள். அக்கா மகள் வாசலில் நாற்காலியை நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் சிரித்தாள்.

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு பிரஷ்ஷைக் கையில் எடுத்துக்கொண்டு, முதல் வாளியைத் தன் பக்கம் இழுத்தாள்.